கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு புத்தகம் எதற்கு?

போன மாரியம்மன் நோம்பிக்கு அவிநாசிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ராத்திரி ஷிப்மெண்ட் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு துப்பறியும் தொடரை விடியவிடியப் பார்த்து முடிக்கிற ரகம். அவன் பார்த்து முடித்திருந்த தொடரின் மூல நாவல் என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவே இல்லை.

"ஏனுங் மாமா, கொலகாரன் ஆருன்னுதான் தெரிஞ்சு போச்சே, அப்பறம் எதுக்கு முந்நூறு பக்கம் படிக்கோணும்?"

அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுக்கொண்டிருந்த அக்காவும் "அவன் கேக்கறது நாயந்தான கண்ணு" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் "புத்தகம்னா புத்தகம்தான்டா" என்று ஏதோ சமாளித்தேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும்.

இந்த விஷயத்தில் பொதுவாக இரண்டு கட்சி உண்டு. முடிவு தெரிந்தால் துப்பறியும் கதை செத்துப்போச்சு என்பது ஒன்று. படம் எப்போதும் புத்தகத்தைக் கெடுக்கும், புத்தகம்தான் உசத்தி என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் துப்பறியும் கதை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமலே பேசுகின்றன. அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். எந்தப் பிரபல நாவலின் கொலையாளியையும் காட்டிக்கொடுக்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

பனியனை உள்பக்கம் திருப்பினால்

எங்கம்மா பத்து வருஷம் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். கடையில் நாம் பனியன் வாங்கும்போது நிறம், அளவு, முன்பக்கம் அச்சிட்ட படம் இவ்வளவுதான் பார்க்கிறோம். செக்கிங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பீஸ் கைக்கு வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஓவர்லாக் தையல் எங்கே ஓடுகிறது, எங்கே நூல் விட்டுப்போயிருக்கிறது, கழுத்துப் பட்டியை எங்கே இணைத்திருக்கிறார்கள் எல்லாம் அங்கேதான் தெரியும். பனியன் ஒன்றுதான். முன்பக்கம் பார்ப்பவருக்குத் துணி தெரிகிறது, உள்பக்கம் பார்ப்பவருக்குத் தைத்த கை தெரிகிறது.

முடிவு தெரியாமல் ஒரு துப்பறியும் நாவலைப் படிப்பது முன்பக்கத்தைப் பார்ப்பது. முடிவு தெரிந்து படிப்பது உள்பக்கத்தைப் பார்ப்பது. தொடரை முதலில் பார்த்துவிட்டவருக்கு முன்பக்கம் போய்விட்டது, அதில் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உள்பக்கம் பார்க்கிற வாய்ப்பு முதல் வாசிப்பிலேயே கிடைக்கிறது, அது மற்றவர்களுக்கு இரண்டாம் முறை படித்தால்தான் கிடைக்கும். யார் இந்தக் காலத்தில் ஒரு நாவலை இரண்டு தடவை படிக்கிறார்கள்?

ஒரு நாவலுக்குள் இரண்டு கதை

சரி, அப்படித் திருப்பினால் தெரிகிற தையல் என்ன?

த்ஸ்வேதான் தொதொரொவ் என்று ஓர் இலக்கிய ஆய்வாளர், 1966-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதும்போது எளிமையான ஒன்றைச் சொன்னார். இந்த வகை நாவலில் எப்போதும் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று குற்றத்தின் கதை: யார், ஏன், எப்படிச் செய்தார். மற்றது விசாரணையின் கதை: துப்பறிபவர் வருகிறார், கேட்கிறார், அலைகிறார், கண்டுபிடிக்கிறார். முதல் கதை புத்தகம் தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது. நாம் பக்கம் பக்கமாகப் படிப்பது இரண்டாவது கதையை. அதன் இடுக்குகளில்தான் முதல் கதை துண்டு துண்டாகக் கசிகிறது.

அப்படிக் கசிகிற துண்டுக்குப் பெயர்தான் துப்பு. குற்றத்தின் கதையிலிருந்து விசாரணையின் கதைக்குள் தவறி விழுந்த ஒரு சின்னப் பொருள், ஒரு சொல், ஒரு நேரக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி இருந்துகொண்டு நம்மை வேறு ஆள் பின்னால் ஓட வைக்கிற போலித் துண்டைப் பொய்த்தடம் என்று சொல்லலாம்.

முதல் தடவை படிப்பவருக்கு இரண்டாவது கதைதான் கண்ணில் தெரிகிறது, முதல் கதையை ஊகிக்கிறார். முடிவு தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். கொலையாளி மூன்றாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டே காபி ஆற்றும்போது, அந்தக் கை நேற்று ராத்திரி என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாத்திரத்துக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் இந்த அனுபவம் ஊகிப்பதைவிடக் கொஞ்சம் பயங்கரமானது.

தெரிந்தே பார்க்கிற சந்தோஷம் புதிதல்ல

குற்றவாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, எப்படி மாட்டுகிறார் என்று காட்டும் கதைகளுக்குத் தலைகீழ்த் துப்பறியும் கதை என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் இதை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்து 1912-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பே கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது 'கொலம்போ'. 1968-ல் ஒரு தனிப்படமாகத் தொடங்கி 2003 வரை இடைவெளி விட்டு விட்டு வந்த அமெரிக்கத் தொடர். ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் கொலையை முதலிலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டு போட்ட அந்த போலீஸ்காரர் எப்போது எந்த நூலைப் பிடித்து இழுக்கப்போகிறார் என்பதற்காகத்தான் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தில் யார் அடித்தது என்பது நமக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது. தியேட்டரில் யாரும் எழுந்து போகவில்லையே.

அக்கா பையனுக்கு அன்றைக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தொடரைப் பார்த்துவிட்டுப் படிக்கிறவர் கையில், எந்தத் துப்பறியும் நாவலும் தானாகவே தலைகீழ்த் துப்பறியும் கதையாகிவிடுகிறது.

ஆராய்ச்சியும் உண்டு. 2011-ல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்து, சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்ததாகச் சொன்னார்கள், அந்தக் கதைகளில் துப்பறியும் கதைகளும் இருந்தன. பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இதற்கு நேர்மாறாகவும் வந்திருக்கிறது. ஆகவே விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். முடிவு தெரிந்தால் கதை செத்துப்போச்சு என்று அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாக: நாவலுக்குள் குற்றத்தின் கதை, விசாரணையின் கதை என்று இரண்டு. தொடரைப் பார்த்தவருக்கு முதலாவது தெரியும். அதனால் அவர் படிக்கும்போது கேள்வி "யார்?" என்பதிலிருந்து "என்னிடமிருந்து இதை எப்படி ஒளித்தார்கள்?" என்று மாறுகிறது.

ஒளிப்பது எப்படி: ஓர் ஈரக் குடை

உதாரணத்துக்கு நானே ஒரு கதை கட்டுகிறேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. காலையில் திறந்தால் இரும்புப் பெட்டியில் இருந்த 4 லட்சம் ரூபாய் இல்லை, பூட்டு உடையவில்லை. தனியாகக் குடியிருக்கிற கணக்குப்பிள்ளை வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போகிறார். முதல் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "திண்ணையில் ஒரு பழைய சைக்கிள், மடித்துப் போட்ட இரண்டு சாக்கு, நனைந்த குடை, பல் போன சீப்பு, நேற்றைய தினத்தந்தி." கணக்குப்பிள்ளை சொல்கிறார்: "நேத்துச் சாயங்காலம் வெயில் தாழ ஏழு மணிக்கு ஊட்டுக்கு வந்தனுங்க. படுத்தவன் இப்பத்தான் எந்திரிக்கறேன்."

அப்புறம் நாற்பது பக்கம் வேறு விஷயம். முதலாளியின் மச்சினன் கடனில் மூழ்கியிருக்கிறான், பெருந்துறையில் யாரிடமோ ரகசியமாகப் பேசுகிறான், நமக்கு அவன் மேல்தான் சந்தேகம். இது பொய்த்தடம்.

மூன்றாம் அத்தியாயத்தில் மண்டி வாட்ச்மேன் வருகிறார். காது மந்தம், எதைக் கேட்டாலும் முதலாளியைத் திட்டுகிற ஆள். "ராத்திரி ஒரு மணிக்குப் புடிச்சுதுங்க பாருங்க மழை, அரை மணி நேரம், கட்டலெல்லாம் நனஞ்சு போச்சு. ஓடு மாத்துங்க ஓடு மாத்துங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன், இந்த மகராசன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு." நாம் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

மழை ராத்திரி ஒரு மணிக்கு. குடை நனைந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை ஏழு மணிக்குப் படுத்தவர்.

எல்லாமே நம் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் குடையைப் பட்டியலுக்கு நடுவில் வைத்தாயிற்று. பட்டியலின் முதல் பொருளையும் கடைசிப் பொருளையும்தான் மனசு பிடித்துக்கொள்ளும், நடுவில் இருப்பது வழுக்கிவிடும். போதாததற்கு அதற்கு அடுத்தே பல் போன சீப்பு என்று கொஞ்சம் வேடிக்கையான ஒன்றைப் போட்டுக் கவனத்தை இழுத்தாயிற்று. மழையைப் பற்றிய தகவலுக்கு நகைச்சுவை வேஷம் போட்டு, ஒரு கிழவரின் புலம்பலாக அனுப்பியாயிற்று. இரண்டு பாதிகளுக்கும் நடுவே நாற்பது பக்கமும் ஒரு மச்சினனும். முதல் தடவை படிப்பவருக்கு இது எதுவும் தெரியாது. முடிவு தெரிந்து படிப்பவர் முதல் அத்தியாயத்தில் அந்தத் திண்ணைக்கு வந்ததும் "அடப்பாவி, இங்கேயே வெச்சிருக்கான்" என்று ஒரு தடவை நின்றுவிடுவார். அந்த நிற்றலுக்காகத்தான் நான் பார்த்த கதைகளையே தேடிப் படிக்கிறேன்.

இப்படி வாசகர் முன்னால் எல்லாத் துப்பையும் வைத்தாக வேண்டும் என்பது இந்த வகை எழுத்தில் எழுதப்பட்ட ஒழுங்கே. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல் எழுதியவர், 1929-ல் பத்துக் கட்டளைகள் மாதிரி பத்து விதி எழுதினார். துப்பறிபவர் கண்டுபிடிக்கிற எந்தத் துப்பையும் வாசகருக்கு உடனே காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. இதை நேர்மை விதி என்று வைத்துக்கொள்ளலாம். கையை மூடிவைத்து ஏமாற்றுவது கூடாது, விரித்த கையை வைத்துக்கொண்டே ஏமாற்ற வேண்டும். கோயில் நோம்பியில் முட்டை வித்தை காட்டுகிறவருக்கும் இதே சட்டம்தான்.

அதே குடை, கேமராவுக்கு முன்னால்

இந்தக் கதையை அப்படியே தொடராக எடுங்கள் பார்க்கலாம். திண்ணையைக் காட்ட வேண்டும். குடையைக் கிட்டத்தில் காட்டினால், நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், பின்னணியில் ஒரு சின்ன 'டொய்ங்' வேறு சேர்ந்தால், வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். தூரத்தில் வைத்து இரண்டு நொடி காட்டினால் கைப்பேசித் திரையில் அது குடையா தடியா என்றே தெரியாது, கடைசியில் "இதை எப்பக் காட்டினீங்க?" என்று கோபம் வரும். எழுத்தில் குடைக்கும் சீப்புக்கும் ஒரே அளவு எழுத்துதான். கேமராவுக்கு முன்னால் எல்லாப் பொருளும் ஒரே அளவாக இருக்க முடியாது, எதைக் கிட்டத்தில் காட்டுவது என்று யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும், அந்த முடிவே ஒரு விரல்நீட்டல்.

வாட்ச்மேனின் மழையும் அப்படித்தான். திரையில் அவர் சொல்லும்போது மழையையே காட்டத் தோன்றும், இடி மின்னலோடு காட்டினால் அது நகைச்சுவையாக இருக்காது, துப்பாகிவிடும்.

ஆகவே நல்ல திரைக்கதையாசிரியர் என்ன செய்வார்? குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துப்பு வைப்பார். விடை அதேதான், வழி வேறு. நாவலைப் படமாகவோ தொடராகவோ மாற்றும் இந்த வேலைக்குத் தழுவல் என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் கையைவிட இதில் கைவண்ணம் அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. "புத்தகத்தை மாத்திட்டாங்க" என்று குறை சொல்லும்போது, மாற்றாமல் விட்டிருந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே விடை தெரிந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

முகமே சொல்லிவிடும்

தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் 'வியோம்கேஷ் பக்ஷி' வந்தது, வங்காளத்து சரதிந்து பந்தியோபாத்யாய் எழுதிய கதைகள், 1993-ல் இந்தியில் தொடராக எடுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் பார்ப்போம். பாதியிலேயே அம்மா "இவன்தான்" என்று கை காட்டுவார், பல வாரம் சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால், "இத்தனை நல்லா நடிக்கறவனை சும்மா டீ குடுக்கவா கூட்டியாந்திருப்பாங்க?" என்பார்.

அது நூற்றுக்கு நூறு சரியான தர்க்கம். தெரிந்த முகம் ஒன்று சின்ன வேஷத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். நாவலில் நடிகர் கிடையாது, பெயர் மட்டும்தான். இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கையும் உண்டு. நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை வைத்து 'திகம்பர சாமியார்' எடுத்தபோது, துப்பறியும் சாமியாராக எம். என். நம்பியார் விதவிதமான வேஷங்களில் வந்தார். எழுத்தில் மாறுவேஷம் என்பது வாசகரிடமிருந்தே ஆளை மறைக்கும் கருவி. திரையில் எல்லோருக்கும் அது நம்பியார் என்று தெரியும், தெரிந்தே "அடுத்து என்ன வேஷம்?" என்று ரசித்தார்கள். தழுவல் ஏதோ ஓடிடி வந்த பிறகு தொடங்கியது என்று நினைப்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

வாட்சன் எதற்கு?

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்பவர் டாக்டர் வாட்சன். அவர் வெறும் நண்பர் இல்லை, நமக்குப் போட்ட கடிவாளம். அவர் பார்த்ததைத்தான் நாம் பார்க்க முடியும், அவர் கவனிக்காததை நாம் கவனிக்கவே வழியில்லை. ஹோம்ஸ் கீழே குனிந்து எதையோ பார்த்தார் என்று வாட்சன் எழுதுவார், அந்த 'எதையோ'வில்தான் கதையே இருக்கும். அந்தப் பாதிரியார் நாக்ஸ் இதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்: வாட்சன் மாதிரி ஆளின் புத்தி, சராசரி வாசகரின் புத்தியைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும். நமக்கும் பெருமையாக இருக்கும், விடையும் மறைந்திருக்கும்.

திரையில் கேமரா வாட்சனுக்கு வெளியே நிற்கிறது. அவர் இன்னொரு முகம், அவ்வளவுதான். கடிவாளம் கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாகத் திரையில் வேறு ஒரு தேவை வருகிறது, துப்பறிபவர் மனசுக்குள் நினைப்பதை யாரிடமாவது வாய்விட்டுப் பேசியாக வேண்டும். டேவிட் சூசே நடித்து 1989 முதல் 2013 வரை 70 பகுதிகளாக வந்த பிரிட்டிஷ் 'பாய்ரோ' தொடரில், அகதா கிறிஸ்டியின் மூலத்தில் அவர்கள் வராத சில கதைகளிலும், துப்பறியும் பாய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸும் செயலாளர் மிஸ் லெமனும் போலீஸ்காரர் ஜாப்பும் வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பாதி இதுதான் என்பது என் கணிப்பு. மீதிப் பாதி, அந்த நாலு பேரும் சேர்ந்திருந்தால் வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள், அடுத்த வாரமும் பார்க்க வருவோம்.

மறுபடி ஒரு தடவை: எழுத்து மூன்று இடத்தில் பலசாலி. எல்லாப் பொருளையும் சமமாகக் காட்டும், முகம் காட்டாது, ஒரே ஆளின் கண் வழியாகப் பார்க்க வைக்கும். திரைக்கு இந்த மூன்றும் கிடையாது, அதனால்தான் மாற்றங்கள்.

கடிகாரம் கைப்பேசி ஆனபோது

மாற்றம் என்றால் கெடுத்தல் இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2010-ல் பிபிசியில் தொடங்கிய 'ஷெர்லாக்'. 1890-ல் வந்த இரண்டாவது ஹோம்ஸ் நாவலில், வாட்சனின் பாக்கெட் கடிகாரத்தை வாங்கிப் பார்த்து, சாவி துளையைச் சுற்றிக் கீறல் இருப்பதால் அதை வைத்திருந்த அண்ணன் குடிகாரர் என்று சொல்வார் ஹோம்ஸ். ராத்திரி கை நடுங்கச் சாவி கொடுத்திருக்கிறார். தொடரில் அது கைப்பேசி, சார்ஜ் போடும் துளையைச் சுற்றிக் கீறல். 120 வருஷ இடைவெளி, நடுங்குகிற கை மட்டும் அதேதான். ஆனால் அங்கே ஒரு குறும்பும் வைத்தார்கள், அண்ணனா என்பதில். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் அழகு 'ராஹே' விஷயம். 1887-ல் வந்த முதல் நாவலில் சுவரில் ரத்தத்தால் Rache என்று இந்தச் சொல் எழுதியிருக்கும். ரேச்சல் (Rachel) என்ற பெண் பெயரை எழுத வந்து பாதியில் விட்டிருக்கிறார்கள் என்பார் போலீஸ்காரர் லெஸ்ட்ரேட். இல்லை, ஜெர்மன் மொழியில் பழிவாங்கல் என்று அர்த்தம் என்பார் ஹோம்ஸ். தொடரில் அப்படியே தலைகீழ்: ஜெர்மன் என்று சொல்பவரின் மூக்கை உடைத்து, ரேச்சல்தான் என்பார் ஷெர்லாக். புத்தகம் படித்தவர்கள் தொடரைப் பார்த்துச் சிரித்தார்கள். தொடரை முதலில் பார்த்தவர் புத்தகத்துக்கு வந்தால், பாவம் லெஸ்ட்ரேட், சரியான விடையைத் தப்பான நூற்றாண்டில் சொல்லிவிட்டாரே என்று சிரிக்கலாம். இந்த இரண்டாவது சிரிப்பு தொடரிலிருந்து புத்தகத்துக்கு வருபவருக்கு மட்டும் கிடைப்பது.

சில சமயம் விடையையே மாற்றிவிடுவார்கள். 2004-ல் தொடங்கிய பிரிட்டிஷ் 'மார்ப்பிள்' தொடரில், கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிபவரான மிஸ் மார்ப்பிள் என்ற பாட்டி இல்லவே இல்லாத கிறிஸ்டி நாவல்களில்கூட அவரைக் கொண்டுபோய்ச் செருகினார்கள், குறைந்தது ஒரு கதையில் விடையிலேயே கை வைத்தார்கள். எந்தக் கதை என்று சொன்னால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய அதிர்ச்சியை நான் திருடியவனாவேன். முடிவு தெரியும் என்ற தெம்பில் நாவலைத் திறந்து, கடைசியில் முகத்தில் அறை வாங்குவது ஒரு சுகம்.

தொலைக்காட்சி திரும்பிப் போய்ப் புத்தகத்தை மாற்றியதும் உண்டு. காலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் முதல் நாவல்களில் லான்சியா கார் ஓட்டினார். 1987-ல் தொடர் தொடங்கியபோது அதில் சிவப்பு ஜாகுவார். அதற்குப் பிறகு எழுதிய நாவல்களில் மோர்ஸும் ஜாகுவாருக்கு மாறிவிட்டார். உதவியாளர் லூயிஸ் முதலில் மோர்ஸைவிட வயதில் மூத்தவர், தொடரில் இளைஞர், பிந்தைய நாவல்களிலும் இளமையாகிவிட்டார். நாவல்கள் 13, தொடரில் பகுதிகள் 33. அப்படியென்றால் தொடரைப் பார்த்துவிட்டேன் என்பவருக்கு எது புத்தகத்தில் இருந்து வந்தது, எது இல்லை என்பதே ஒரு துப்பறிதல்.

சரி, எப்படித் தொடங்குவது?

நேராக முந்நூறு பக்கத்தில் இறங்காதீர்கள். ஒரு சிறுகதை எடுங்கள். ஹோம்ஸ் கதைகளில் 56 சிறுகதைகள், நாவல் நாலுதான். ஜெரமி பிரெட் நடித்து 1984-ல் தொடங்கிய பழைய தொடர் பெரும்பாலும் மூலத்தை ஒட்டியே போகும், ஒரு பகுதி ஒரு மணி நேரத்துக்குள் முடியும், கதையைப் படிக்கவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். பார்த்த மறுநாளே படியுங்கள், ஞாபகம் சூடாக இருக்க வேண்டும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். குற்றவாளி முதலில் எந்த வரியில் வருகிறார், அந்த வரியில் அவரோடு வேறு என்னென்ன இருக்கிறது என்று கோடு போடுங்கள். பட்டியல் வந்தால் நடுவில் பாருங்கள். யாராவது சம்பந்தமில்லாமல் புலம்பினால் அந்தப் புலம்பலை இரண்டு தடவை படியுங்கள். பேச்சு பாதியில் வெட்டுப்பட்டால் எந்தச் சொல்லில் வெட்டுப்பட்டது என்று பாருங்கள்.

தமிழில் மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. நம்ம கோயமுத்தூர்க்காரர் ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் எழுதியிருக்கிறார், பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டுத் தொங்கிய அந்தப் புத்தகங்களை கோவை–ஈரோடு பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் முடித்தவர்கள் எத்தனை பேர். அங்கே வேகம்தான் முக்கியம், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திருப்பத்தில் நிற்கும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு வாங்கிவந்து, முன்பு படித்த ஒன்றையே இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். சிலதில் தையல் பிரிந்திருக்கும். சிலதில் நூல்கூடத் தெரியாது.

பார்க்காமல் படிக்க வேண்டியவை

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மை விதிக்கு விரோதம். தொடரை முதலில் பார்ப்பதால் உண்மையிலேயே கெட்டுப்போகிற நாவல்கள் சில உண்டு. துப்பு எங்கேயோ பொருளில் ஒளிந்திருக்காமல், சொல்லுகிற விதத்திலேயே ஒளிந்திருக்கும் கதைகள் அவை. குடையைப் பட்டியலில் ஒளிப்பது ஒரு வித்தை. பட்டியல் போடுகிறவரையே ஒளிப்பது வேறு வித்தை. 1920-களில் வந்த ஒரு நாவல் இதைச் செய்தபோது, இது நியாயமா அநியாயமா என்று பெரிய சண்டையே நடந்தது. கேமரா எப்போதும் வெளியே நிற்பதால் திரையில் இந்த வித்தை பாதிக்கு மேல் கரைந்துவிடும், மிச்சம் இருப்பது விடை மட்டும். அந்த விடையோடு புத்தகத்துக்குப் போனால் தையலை ரசிக்கலாம்தான், ஆனால் காலுக்குக் கீழே தரை நழுவுகிற அந்த ஒரு நொடி கிடைக்காது. அது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும், அதைத் தொடருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த நாவல் அப்படிப்பட்டது என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அக்கா பையன் போனில் கேட்டான். அதைச் சொன்னாலே பாதி விடை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றேன். "அப்ப நீங்களே ஒண்ண எடுத்துக் குடுங் மாமா, பேரு மட்டும் சொல்லாதீங்க" என்றான். போன வாரம் ஒன்றை எடுத்து, அட்டைக்குக் காக்கிக் காகிதம் ஒட்டி, பின்னட்டையில் இருந்த கதைச் சுருக்கத்தையும் மறைத்து, திருப்பூர் போகிற பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எண்பதாம் பக்கத்தில் இருக்கிறானாம், டாக்டர் மேலேயும் சந்தேகமாம், சமையற்காரி மேலேயும் சந்தேகமாம்.